ஐந்து வெள்ளி நியாயம்: கேம் செட் வாங்குவோர் அறிய வேண்டியவை

2020 டிசம்பர் 11ஆம் தேதி பிளேஸ்டேஷன் 5 மலேசியக் கடைகளுக்கு வந்தது. டிஸ்க் போடும் செட் 2,299 வெள்ளி, டிஸ்க் இல்லாத செட் 1,869 வெள்ளி. அன்றைக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம் நகர்மன்றப் பகுதிகளில் 1,200 வெள்ளி, மற்ற இடங்களில் 1,100 வெள்ளி. செம்பனைக் குலை வெட்டும் ஒருவருக்கு அந்தப் பெட்டி ஏறக்குறைய இரண்டு மாத உழைப்பு. கோவிட் காரணமாகப் பள்ளிகள் மூடிக் கிடந்த நேரம் அது. வீட்டிலேயே அடைபட்ட பிள்ளைகள் கேட்டார்கள், பெற்றோர் எப்படியோ பணம் புரட்டினார்கள். கடையில் சரக்கு இல்லாததால், வாங்கிப் பதுக்கியவர்களிடம் கூடுதல் விலைக்கு வாங்கியவர்களும் உண்டு. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. இருந்தும் லாபு, ரந்தாவ், லிங்கி, கெமாஸ் பக்கத்துத் தோட்ட வீடுகளில் ஒரு கேம் செட் என்பது குடும்பமே சேர்ந்து எடுக்கும் முடிவுதான். அது கெட்டுப் போனால் நட்டம் பையனுக்கு மட்டுமல்ல, அந்த வீட்டுக்கே.

மாலையில் திடலில் கூடும் இளைஞர்கள் செட்டுகளைப் பற்றி வாதாடுவதைக் கேட்டால் வியப்பாக இருக்கும். சோனியா நிண்டெண்டோவா, புரோ தேவையா, டிஸ்க் நல்லதா டிஜிட்டல் நல்லதா என்று ஒவ்வொன்றையும் அலசிப் பிழிந்துவிடுவார்கள். எந்தச் செட்டில் படம் துல்லியம் என்பதை அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் செட் பழுதானால் யார் பொறுப்பு என்ற கேள்வி அந்தப் பேச்சில் வருவதே இல்லை. வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

ஒரே செட்டுக்கு இரண்டு விலை சொல்லும் கடைகள் உண்டு. ஒன்று மலேசியாவுக்கென்று முறைப்படி வந்தது. மற்றொன்று ‘இம்போர்ட் செட்’, வேறு நாட்டுச் சந்தைக்காகத் தயாரானதை வியாபாரி தானே தருவித்தது. முதல் வகைக்குத் தயாரிப்பாளரின் உத்தரவாதம் உள்நாட்டிலேயே கிடைக்கும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் ‘கடை வாரண்டி’ மட்டும்தான். அந்தக் கடை இருக்கும்வரைதான் அந்த வாரண்டியும் இருக்கும். ஆறு மாதத்தில் கடை மூடிவிட்டால் அட்டையில் குத்திய முத்திரையால் பயனில்லை. முறைப்படி வந்த செட்டின் பெட்டியில் உள்நாட்டு விநியோகிப்பாளரின் விவரமும், கம்பியில்லாத் தொடர்புள்ள கருவிகளுக்குரிய சிரிம் முத்திரையும் இருக்கும். அவற்றைப் பார்த்து வாங்குங்கள்.

2025 ஜூனில் நிண்டெண்டோ சுவிட்ச் 2 வெளியானபோது ஜப்பானில் இரண்டு விதமாக விற்றார்கள். பல மொழிச் செட் 69,980 யென், ஜப்பானிய மொழிச் செட் 49,980 யென். மலிவான செட்டில் ஜப்பானிய மொழி மட்டும்தான் வரும். ஜப்பான் நாட்டுக் கணக்கைத்தான் அதில் இணைக்க முடியும். இதைச் சொல்லாமல் ஒருவர் உங்களிடம் விற்றால் அது மலிவு அல்ல, ஏமாற்று. பழைய செட்டில் இன்னோர் ஆபத்து இருக்கிறது. கள்ளக் கேம் ஓட்டும் கார்டுகளைப் பயன்படுத்திய சுவிட்ச் 2 செட்டுகளை நிண்டெண்டோ தன் இணையச் சேவையிலிருந்து தடை செய்கிறது. தடை அந்தச் செட்டுக்கே உரியது. ஆள் மாறினாலும் நீங்காது. முந்தைய உரிமையாளர் செய்த தவறு வாங்கியவர் தலையில் விழுகிறது. ஆகவே பழைய செட் வாங்குவோர் ‘ஓடுகிறதா’ என்று பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. விற்பவர் முன்னிலையிலேயே உங்கள் கைப்பேசி இணையத்தை இணைத்து, கேம் கடைக்குள் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். பழைய கணக்கை அவரையே நீக்கச் சொல்லுங்கள். பெட்டியில் உள்ள வரிசை எண்ணும் செட்டின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள்.

டிஸ்க்கா டிஜிட்டலா என்ற வாதத்துக்கு வருவோம். கோலாலம்பூரில் ஃபைபர் இணையம் உள்ளவருக்கு அது ருசி சம்பந்தப்பட்ட விஷயம். தோட்டத்தில் அப்படியில்லை. சில கேம்கள் 100 ஜிகாபைட்டைத் தாண்டும். கைப்பேசி டேட்டாவை நம்பி வாழும் வீட்டில் ஒரே கேமை இறக்குவதற்குள் மாத டேட்டா முடிந்துவிடும். 2024 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவில் டிஸ்க் டிரைவ் கிடையாது, தனியாக வாங்கி மாட்ட வேண்டும். அப்படி மாட்டும்போது ஒரு முறையாவது இணையத்தில் பதிய வேண்டும். சுவிட்ச் 2 கேம்கள் சிலவற்றில், ‘கேம் கீ கார்டு’ என்ற பெயரில் வரும் கார்டில் கேமே இருப்பதில்லை. அது சாவி மட்டும், கேமை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். பெட்டியின் முன்பக்கமே அதைக் குறிப்பிட்டிருக்கும், படிக்காமல் வாங்காதீர்கள்.

டிஸ்க்கை நண்பனுக்குக் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்றுப் பாதிப் பணத்தைத் திரும்ப எடுக்கலாம். சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு இது பெரிய விஷயம். டிஜிட்டல் கேமுக்கு நீங்கள் தருவது விலை போலத் தெரிந்தாலும், கையில் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. யூபிசாஃப்ட் நிறுவனம் ‘த குரூ’ கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று அணைத்தது. முழுப் பணம் கொடுத்தவர்களாலும் அதன் பிறகு விளையாட முடியவில்லை. அதை எதிர்த்துத்தான் ஐரோப்பாவில் ‘கேம்களைக் கொல்லாதீர்கள்’ என்ற இயக்கம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது. என் கருத்து தெளிவானது: இணையம் தடுமாறும் இடத்தில் இருப்பவர், விலை சற்றுக் கூடினாலும் டிஸ்க் செட்டையே வாங்க வேண்டும்.

இனி சட்டம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற உத்தரவாதத்தைக் கடைக்காரர் மீது சுமத்துகிறது. வாரண்டி அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கடமை உண்டு. இம்போர்ட் செட்டுக்கும் உண்டு. இணையத்தில் வியாபாரம் செய்பவருக்கும் உண்டு. சரிசெய்யக் கூடிய பழுது என்றால் நியாயமான காலத்துக்குள் சரிசெய்து தர வேண்டும். அவர் செய்யாவிட்டாலோ பழுது பெரிதாக இருந்தாலோ, பொருளைத் திருப்பிக் கொடுத்து மாற்றுப் பொருளோ பணமோ கேட்கலாம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற பலகையைக் காட்டி உங்களை விரட்ட முடியாது. சட்டம் தரும் உரிமையை ஒரு பலகை பறிக்காது. பழுதான பழைய செட்டைப் புதியது என்று விற்பது தனியாகவே குற்றம். ஆனால் உங்கள் பக்கமும் இரண்டு கடமைகள் உண்டு. பழுது தெரிந்தவுடன் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் வைத்திருந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடும். நீங்களே பிரித்துக் கெடுத்தாலோ, இடியும் மின்னலுமான நேரத்தில் பிளக்கைக் கழற்றாமல் விட்டுக் கருகினாலோ கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது.

கடைக்காரர் மறுத்தால் என்ன செய்வது? இங்கேதான் நம்மவர்களில் பலர் ‘விடு, நம்ம தலையெழுத்து’ என்று திரும்பிவிடுகிறார்கள். விட வேண்டாம். மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இதற்காகவே இருக்கிறது. அலுவலகத்தில் ‘திரிபுனல் துந்துத்தான் பெங்குனா’ என்று கேளுங்கள். பதிவுக் கட்டணம் ஐந்து வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். இந்த வரம்பு 2019இல் 25,000இலிருந்து உயர்த்தப்பட்டது. வழக்கறிஞர் வைக்க இரு தரப்புக்கும் அனுமதியில்லை, ஆகவே பெரிய கடை, சின்ன ஆள் என்ற ஏற்றத்தாழ்வு அங்கே குறைவு. பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். இணையம் வழியாகவும் பதியலாம். தீர்ப்பு வந்து 14 நாட்களுக்குள் கடைக்காரர் அதை நிறைவேற்றாவிட்டால் அது குற்றம், வழக்குத் தொடரலாம். இதற்கு உங்களுக்குத் தேவை ஆதாரம் மட்டும்: ரசீது, விளம்பரத்தின் படம், பேசிய வாட்ஸ்அப் செய்திகள், பழுதைக் காட்டும் காணொளி. வெப்பத்தில் அச்சு மறையும் ரசீதை வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள்.

நினைவில் வைக்க வேண்டிய ஒரு வரம்பும் இருக்கிறது. நடுவர் மன்றம் வியாபாரிகள் மீதான புகார்களைத்தான் கேட்கும். பக்கத்துத் தாமானில் யாரோ தன் சொந்தச் செட்டை விற்று ஏமாற்றினால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறையைத்தான் நாட வேண்டும். விலையைப் போடாமல் ‘பிஎம் தெப்பி’ என்று அழைக்கும் இணைய வியாபாரிகளையும் எச்சரிக்கையாகப் பாருங்கள். வியாபாரப் பெயர், பதிவு எண், முழு விலை எல்லாவற்றையும் வெளிப்படையாகப் போட வேண்டும் என்பது சட்டம். மீறினால் உள்நாட்டு வாணிப அமைச்சின் 1-800-886-800 எண்ணில் புகார் செய்யலாம்.

மோசடி வேறு. அங்கே பொருளே வராது. ‘கடைசி ஒரு செட், பாதி விலை, முன்பணம் போட்டால் பிடித்து வைக்கிறேன்’ என்பார்கள். முன்பணம் போட்டதும் ‘சுங்கத்தில் மாட்டிக்கொண்டது’ என்று மறுபடி கேட்பார்கள். பணம் அனுப்புமுன் போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் அந்த வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போட்டுப் பாருங்கள். ஷாப்பி, லசாடாவில் வாங்கினால் பணத்தை அந்தத் தளத்துக்குள்ளேயே செலுத்துங்கள். செட்டை ஓட்டிப் பார்க்காமல் ‘பொருள் கிடைத்தது’ என்று அழுத்தாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம். உடனே 997 எண்ணை அழையுங்கள். அது 2022 முதல் இயங்கும் தேசிய மோசடி எதிர்ப்பு மையம். பணம் கைமாறிப் போகுமுன் கணக்கை முடக்க அவர்களால் முயல முடியும், ஆகவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பிறகு போலீஸ் புகார்.

கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ திட்டத்தில் மாதத் தவணை சிறிதாகத் தெரியும். இரண்டு மூன்று செயலிகளில் சேரும்போது சம்பளத்தையே விழுங்கும். இத்தகைய கடன்களை முறைப்படுத்தத்தான் நாடாளுமன்றம் 2025இல் பயனீட்டாளர் கடன் சட்டத்தை நிறைவேற்றியது. முகம் தெரியாதவர் டெலிகிராமில் நடத்தும் கூட்டில் சேர்ந்து செட் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டின் சட்டமே தடை செய்திருக்கிறது. ஆலோங்கிடம் போவதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

செட் வீட்டுக்கு வந்ததும் பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்று. வங்கி அட்டை எண்ணைச் செட்டில் சேமித்து வைக்காதீர்கள், வாங்குவதற்கு ரகசிய எண் போடுங்கள். காற்பந்து கேமில் ஆட்டக்காரர் பொட்டலம் வாங்கப் பிள்ளை அழுத்தும் ஒவ்வொரு பொத்தானும் உண்மையான பணம். பிளேஸ்டேஷன் கடையில் வாங்கிய கேமை இறக்கத் தொடங்காமல் இருந்தால் 14 நாட்களுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இறக்கத் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

கோரிக்கைப் பாரம் மலாய் மொழியில் இருப்பதுதான் நம் பெரியவர்களைத் தயங்க வைக்கிறது. ஐந்தாம் படிவம் படிக்கும் எந்தப் பிள்ளையும் அதை நிரப்பிவிடும். கேம் செட்டின் நுணுக்கமெல்லாம் அறிந்த இளைஞர்களே, உங்கள் தோட்டத்தில் கடைக்காரர் ஏமாற்றிய ஓர் அண்ணனோ அக்காவோ இருந்தால், இந்த வாரமே அவருக்காக அந்தப் பாரத்தை உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள்.