நாற்றங்காலும் நடவு வயலும்: உட்பொதி கணினியில் பிழையறிதல்

நுழையும்முன்

ஓரிடத்தில் விதைத்து வேறோரிடத்தில் நட்டுப் பயிராக்குவது காவிரிப் படுகை உழவர் நன்கறிந்த தொழில். கணினி நிரல்களும் ஓர் இயந்திரத்தில் உருவாகி மற்றோர் இயந்திரத்தில் இயங்குவதுண்டு. இடம் மாறிய நிரல் வாடினால் காரணத்தைக் கண்டறிவது எவ்வாறு? அதற்கான நெறிமுறையை இப்பாடம் விளக்குகிறது.

காலம் தவறாத கணினி

கல்லணையில் காவிரி நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிகிறது. அங்கிருந்து கிளைக்கும் ஆறுகளும் வாய்க்கால்களும் கடைமடை வரை நீரைக் கொண்டு செல்கின்றன. வழியிலுள்ள ஒரு மதகின் நீர்மட்டத்தை அளந்து, கதவைத் தானே ஏற்றி இறக்கும் கருவி ஒன்றைக் கருதுவோம். அதனுள் ஒரு சிறு கணினி பொதிந்திருக்கும். குறிப்பிட்ட பணிக்கென ஒரு கருவிக்குள் அமைக்கப்படும் இத்தகைய கணினியே உட்பொதி கணினி எனப்படும்.

குறித்த கால எல்லைக்குள் விடையளித்தாக வேண்டிய அமைப்பு நிகழ்நேர அமைப்பாகும். கதவு உச்சியைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்தும் ஆணை தாமதமாக வந்தால், ஆணை சரியானதாயினும் கதவு பழுதாகும். கடைமடை வயல் காயும். எனவே, நிகழ்நேர அமைப்பில் காலந்தாழ்ந்த சரியான விடையும் பிழையே. லினக்ஸ் இயக்க அமைப்புக்கு இப்பண்பை அளிக்கும் மாற்றங்கள் நீண்டகாலம் தனித் தொகுப்பாகப் பேணப்பட்டன. 2024ஆம் ஆண்டில் அதன் மூலக் கருவகத்தோடு இணைக்கப்பட்டன.

குறுக்கு நிரல்பெயர்ப்பு

சிறு கணினியில் நினைவகமும் வேகமும் குறைவு. ஆதலால் நிரலை மேசைக் கணினியில் எழுதி, சிறு கணினியின் செயலிக்குரிய இயந்திர மொழிக்கு அங்கேயே மாற்றுகின்றனர். இதுவே குறுக்கு நிரல்பெயர்ப்பு. மேசைக் கணினி நாற்றங்கால் என்றால், கருவி நடவு வயல்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய 'சக்தி' செயலி, 'ரிஸ்க்-ஃபைவ்' என்னும் கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டது. 2018ஆம் ஆண்டில் சக்தி வகைச் சில்லு ஒன்றில் லினக்ஸ் இயங்கியது. வழக்கமான மேசைக் கணினிகளின் செயலிகளோ வேறு கட்டளைத் தொகுதியைச் சார்ந்தவை. ஆகவே, அங்கு உருவாகும் நிரலைச் சக்திக்கு ஏற்ப மாற்றிப் பெயர்ப்பது இன்றியமையாததாகிறது.

வாட்டத்தின் காரணங்கள்

நட்ட பயிர் வாடினால் உழவர் மண், வேர், நீர் என வரிசையாக ஆராய்வார். நிரலையும் அவ்வாறே ஆராய வேண்டும்.

முதலாவது, மண். நிரலின் வடிவமே பொருந்தவில்லை எனக் கருவி மறுத்தால், அது வேறு செயலிக்காகப் பெயர்க்கப்பட்டிருக்கலாம். 'ஃபைல்' என்னும் கட்டளை, நிரல் எச்செயலிக்குரியது என்பதைக் காட்டிவிடும். தொடங்கிய பின் 'முறையற்ற கட்டளை' என நின்றால், செயலியின் குடும்பம் சரி. அச்செயலியில் இல்லாத வசதியை நிரல் நாடியிருக்கிறது என உணரலாம்.

இரண்டாவது, வேர். கோப்பு கண்ணெதிரே இருக்க, 'அப்படியொரு கோப்பு இல்லை' என்னும் செய்தி தோன்றுவதுண்டு. புதியவரைப் பெரிதும் குழப்புவது இதுவே. பெரும்பாலும் இங்கே இல்லாதது நிரலன்று. நிரலை நினைவகத்தில் ஏற்றத் துணைபுரியும் ஏற்றியே. நிரல் தேடும் ஏற்றியின் முகவரியையும் நிரல் நூலகங்களின் பெயர்களையும் 'ரீட்-எல்ஃப்' என்னும் கருவி காட்டும். நூலகம் இருந்தும் அதன் பதிப்பு பழையதாயின் நிரல் இயங்காது. கருவியிலுள்ள அதே நூலகங்களின் படியை மேசைக் கணினியில் வைத்துப் பெயர்ப்பதே தீர்வு.

மூன்றாவது, நீர், அதாவது காலம். நிரல் இயங்குகிறது, விடையும் சரி, ஆனால் எப்போதோ ஒருமுறை தாமதிக்கிறது. சராசரி நேரத்தை நோக்கினால் இக்குறை புலப்படாது. மிக அதிகத் தாமதத்தையே அளக்க வேண்டும். 'சைக்ளிக் டெஸ்ட்' என்னும் சோதனை நிரல் அதற்கு உதவும். கருவிக்குப் பணிச்சுமை மிகுந்திருக்கும்போது அளப்பதே பயன் தரும்.

நிரலின் போக்கை அறிய இடையிடையே செய்திகளை அச்சிடுவது எளிய வழி. ஆனால், காலநுட்பம் வாய்ந்த பகுதியில் அச்சிடுவதே புதிய தாமதத்தை உண்டாக்கலாம். எனவே, பிழைநீக்கியின் சிறு பகுதியைக் கருவியிலும் பெரும் பகுதியை மேசைக் கணினியிலும் இயக்கி, இரண்டையும் இணைத்து ஆராய்வர். பிழைநீக்கி நிரலை இடையில் நிறுத்தும். அவ்வேளையில் மதகுக் கதவு அசைந்துகொண்டிருத்தல் ஆகாது.

தெரிந்து தெளிவோம்

1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய 'பாத்ஃபைண்டர்' விண்கலத்தின் கணினி, அடிக்கடி தானே மறுதொடக்கம் செய்தது. அதில் இருந்தது லினக்ஸ் அன்று. வேறொரு நிகழ்நேர இயக்க அமைப்பு. முன்னுரிமை குறைந்த பணி ஒன்று பொதுவளத்தைப் பிடித்துக்கொள்ள, நடுத்தரப் பணி அதை முடிக்கவிடாமல் குறுக்கிட, முதன்மைப் பணி காத்துக்கிடந்ததே காரணம். பொறியாளர் பூமியிலிருந்த மாதிரிக் கணினியில் அதே பிழையைத் தோற்றுவித்துக் காரணத்தை அறிந்தனர். வளத்தைப் பிடித்திருக்கும் பணிக்குத் தற்காலிகமாக உயர்ந்த முன்னுரிமை அளிக்கும் மாற்றத்தை விண்கலத்துக்கு அனுப்பிச் சீர்செய்தனர்.

பிழையறியும் பண்பு

பிழையை மீண்டும் தோற்றுவிக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதைக் குறித்துவைக்க வேண்டும். பலவற்றை ஒருசேர மாற்றியவர், நிரல் சீரானாலும் எதனால் சீரானது என அறியார். அதே பிழை மீண்டும் வரும்போது மீண்டும் திகைப்பார். பிழைச்செய்தியைப் பொறுமையுடன் முழுதும் படித்து, அது கூறுவதையும் கூறாது விடுவதையும் பகுத்தறிவதே இத்துறையில் முதற்பாடம்.