அட்டைப் பெட்டிக்கு 5 மார்க்!

பிளஸ் டூ படிக்கும் பெண்ணோ பிள்ளையோ உங்கள் வீட்டில் உண்டா? 'கால்குலஸ்' என்றதும் அவர்கள் முகம் சுண்டிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். "நமக்கேன் அந்த வம்பு?" என்று சமையற்கட்டுக்குள் ஒதுங்கியும் இருப்பீர்கள். ஒதுங்க வேண்டாம், அம்மா!

சிவகாசியை அடுத்த திருத்தங்கலுக்கு வாருங்கள். குன்றின் மேல் நின்ற நாராயணப் பெருமாள்; சுற்றிலும் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும்தான் பிழைப்பு. பெட்டி இல்லாமல் இவற்றில் எது நடக்கும்? ஒரு வீட்டுத் திண்ணையில் தாயார் அட்டை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மகள் பரீட்சைக் கணக்கோடு மல்லுக்கு நின்றாள். இன்ஜினீயரிங் சேர்க்கைக்கான 200 மார்க்கில் கணக்குக்கு மட்டும் 100 ஆயிற்றே!

கணக்கு இதுதான். 12 அங்குலச் சதுர அட்டை. நாலு மூலையிலும் ஒரே அளவுச் சதுரம் வெட்டி, ஓரங்களை மடித்து, மூடியில்லாத பெட்டி செய்ய வேண்டும். பெட்டி மிக அதிகமாகக் கொள்ள எவ்வளவு வெட்டுவது?

1 அங்குலம் வெட்டினால் 100 கன அங்குலம் கொள்ளும். 3 அங்குலம் என்றால் 108. உச்சம் எங்கே? மலைச் சிகரத்தில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை அல்லவா? அந்த இடத்தைப் பிடிக்கும் வித்தைதான் இது. கொள்ளளவை எழுதி, அதன் வகைக்கெழுவைப் பூஜ்யமாக்கினால் இரண்டு விடைகள் வரும்: 2, 6.

இரண்டையும் எழுதிவிட்டுப் பேனாவை மூடப் போனாள் மகள்.

"ஆறு வெட்டுனா அப்புறம் அட்டை ஏது தாயி?" என்றாள் தாயார், தலை நிமிராமலே.

பார்த்தீர்களா! பரீட்சையில் நழுவுகிற மார்க் இங்கேதான் நழுவுகிறது. 6ஐ ஏன் தள்ளினோம் என்று எழுத வேண்டும். 2 அங்குலத்தில் இரண்டாம் வகைக்கெழு மைனஸாக வருவதைக் காட்டி, அதுவே பெருமம் என்று சொல்ல வேண்டும். கேட்டது வெட்டும் அளவா, கொள்ளளவா என்று கேள்வியை மறுபடி பார்க்க வேண்டும். கொள்ளளவு 128 கன அங்குலம்.

இந்த வித்தைக்கும் ஒரு கல்யாணக் கதை உண்டு! 1613இல் வானியல் மேதை கெப்ளர் இரண்டாவது கல்யாணத்துக்கு மது வாங்கினார். வியாபாரி பீப்பாய்க்குள் ஒரு கோலை நுழைத்துப் பார்த்தே விலை சொல்லிவிட்டான். மாப்பிள்ளைக்குச் சந்தேகம். 1615இல் பீப்பாய்க் கணக்குக்கென்றே ஒரு புத்தகம் போட்டுவிட்டார்! வகைக்கெழு முறையை லீப்னிஸ் அச்சிட்டது 1684இல்.

திருத்தங்கல் தாயாருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "அது சரி, மூடியில்லாத பெட்டிய எவன் வாங்குவான்?" என்றாள்.