உங்களுக்குத் தெரியுமா? ஃப்ரீசரில் பிராந்தி உறையுமா?

ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர். அந்தத் துணியைக் கட்டுமுன் காயத்தைச் சுற்றித் துடைக்கும் ஸ்பிரிட், வீட்டு ஃப்ரீசரில் எத்தனை நாள் கிடந்தாலும் உறையாது. அதிலும் பிராந்தியிலும் உள்ள ஆல்கஹாலான எத்தனால், தூய நிலையில் உறைய −114 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டும். ஃப்ரீசர் தருவதோ −18தான். தண்ணீர் கூடக்கூட உறைநிலை மேலேறும். 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள பிராந்தி சுமார் −25-இல்தான் உறையத் தொடங்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு ஃப்ரீசரிலேயே அது கட்டிதட்டினால், பெரும்பாலும் தண்ணீர் கலந்த சரக்கு. (முதலில் உறைவது தண்ணீர்தான், மிஞ்சும் திரவத்தில் ஆல்கஹால் அடர்த்தி ஏறிவிடும்.) உறையவில்லை என்பதற்காக நம்பிவிடவும் கூடாது: 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்த, கள்ளச்சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால், −97 டிகிரி வரை உறையாது.