மதராஸ் ரெஜிமெண்ட் தொப்பிச் சின்னம்

மதராஸ் ரெஜிமெண்ட் தொப்பிச் சின்னம் என்பது இந்தியத் தரைப்படையின் பழமையான காலாட்படைப் பிரிவுகளுள் ஒன்றான மதராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் தலையணியில் அணியும் உலோகச் சின்னமாகும். கேடயத்தின் மீது யானை நிற்க, குறுக்காக இரு வாள்கள் அமைந்திருக்கும். இந்த யானை 'அசாயே யானை' எனப்படுகிறது.

வரலாறு

அசாயே என்பது இன்றைய மகாராட்டிர மாநிலம் ஜால்னா மாவட்டத்திலுள்ள சிற்றூர். 1803 செப்டம்பர் 23 அன்று அங்கு ஆர்தர் வெல்லெஸ்லி தலைமையிலான கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, சிந்தியா, போன்ஸ்லே ஆகியோரின் மராட்டியப் படைகளை வென்றது. மராட்டியரின் பீரங்கிகள் வலிமையானவை. கம்பெனிப் படையில் 1,500க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காயமுற்றனர். அப்படையின் பெரும்பகுதி சென்னை மாகாணச் சிப்பாய்களே. போரில் பங்கேற்ற பிரிவுகளுக்கு யானைச் சின்னம் சிறப்பாக வழங்கப்பட்டது.

பிற்கால நிலை

வெல்லெஸ்லி பின்னர் வெலிங்டன் கோமகன் ஆனார். ரெஜிமெண்டின் பயிற்சி மையம் அமைந்துள்ள நீலகிரி மாவட்ட வெலிங்டன் அவர் பெயரையே தாங்கியுள்ளது.

அசாயேயில் எதிரணியில் நின்றவர்களும் இந்தியரே. ஆகவே, இந்தியருக்கு எதிராகக் கம்பெனி ஆட்சியில் பெற்ற போர்ச் சிறப்புகளை விடுதலைக்குப் பின் இந்தியத் தரைப்படை கொண்டாடுவதில்லை. அசாயேயும் அவற்றுள் அடங்கும். எனினும் யானை நீக்கப்படவில்லை. இன்று அது கம்பெனியின் வெற்றியை அன்றி, தென்னிந்தியச் சிப்பாய்களின் துணிவையே குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது.