உஷார்! காஞ்சிபுரம் சுற்றிப் பார்க்க வருகிறீர்களா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சேலத்தில் இருக்கும் என் பெரியம்மா மகள், குடும்பத்தோடு எட்டுப் பேராக வேன் வைத்துக்கொண்டு காஞ்சிபுரம் வந்திருந்தார். நான் ஊரில் இல்லை. சாயங்காலம் வீடு திரும்பியபோது அவர்கள் கிளம்பத் தயாராக இருந்தார்கள்.

"எல்லாம் பார்த்தாச்சு தம்பி. கைடு ஒருத்தர் கூடவே வந்தார்" என்றார் அக்கா. கையில் ஒரு நோட்டீஸ். 'பழமையான இந்து, பௌத்தத் தலங்கள்: ஒரே நாளில்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஏகாம்பரநாதர் கோயிலில் கால் மணி நேரம். காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போவதற்குள் நடை சாத்திவிட்டார்கள், கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டதோடு சரி. கைலாசநாதர் கோயில் 'தூரம்' என்று சொல்லிவிட்டாராம். பட்டுக்கடையில் மட்டும் இரண்டரை மணி நேரம். புத்தர்? "ஒரு பாழடைஞ்ச மண்டபத்தைக் காட்டி, போதிதர்மர் பிறந்த இடம்னு சொன்னார்."

அக்கா ஆசையாகப் புடவையைப் பிரித்தார். பதினெட்டாயிரம் ரூபாய். நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்த என் அப்பா அதை வாங்கி, கரையும் உடலும் சேரும் இடத்தைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அந்த மௌனத்தின் அர்த்தம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அது கரையைத் தனி நாடா விட்டுக் கோத்து நெய்யும் கோர்வைப் புடவை இல்லை. கைத்தறியே இல்லை.

இதை ஒரு குடும்பத்தின் கதையாக மட்டும் நினைத்து விட்டுவிடாதீர்கள். பெரிய காஞ்சிபுரத்தில் வேன் நிற்கும் இடங்களில் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள், புரியும். காஞ்சிக்கு வரத் திட்டமிட்டிருக்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வண்டி ஏறுங்கள்.

பொறி இருப்பது பன்னிரண்டு மணியில்!

காஞ்சியின் பெரிய கோயில்களில் நண்பகலில் நடை சாத்தி, மாலை நான்கு மணி வாக்கில்தான் திறப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இது தெரியும். சென்னையிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர் கடந்து, வழியில் டிபன் சாப்பிட்டு, பத்தரை பதினோரு மணிக்கு வந்து இறங்குகிறவர்களுக்குத் தெரியாது. தெரியாத அந்த நான்கு மணி நேரம்தான் கமிஷன் கைடுகளின் மூலதனம்.

"கோயில் ஒரு மணி வரைக்கும் திறந்திருக்கும் சார். முதல்ல தறி பாத்துட்டு வந்துடலாம். பக்கத்துலதான், நம்ம மாமா வீடு" என்று ஆரம்பிப்பார்கள். வாசலில் காட்சிக்கு ஒரு தறி இருக்கும். ஐந்து நிமிடம் நாடா ஓடும். உள்ளே கதவைத் திறந்தால் கடை! வெளியே வரும்போது நடை சாத்தியிருக்கும். "அடடா, இன்னைக்கு சீக்கிரம் சாத்திட்டாங்களே" என்று அவரே வருத்தப்படுவார். பிறகு வண்டி மாமல்லபுரம் போயாக வேண்டும். காஞ்சி முடிந்தது.

கைடுக்குக் கடை தரும் கமிஷனைக் கடைக்காரர் தன் பையிலிருந்து தருவதில்லை. அது உங்கள் புடவையின் விலையில்தான் ஏறுகிறது.

நேர்மையாக வாழும் கைடுகளும் இந்த ஊரில் உண்டு. கல்வெட்டைத் தடவிக்கூடப் பார்க்க விடாமல், நின்ற இடத்திலிருந்தே படித்துக் காட்டும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பையும் சேர்த்துத்தான் இந்தக் கூட்டம் கெடுக்கிறது. அதனால் முதலில் அடையாள அட்டையைக் கேளுங்கள். மத்திய, மாநில சுற்றுலாத் துறைகளின் அனுமதி பெற்ற வழிகாட்டி தயங்காமல் எடுத்துக் காட்டுவார். கூலி எவ்வளவு, எத்தனை மணி நேரம், எந்தெந்த இடம் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். 'உங்க இஷ்டம் சார், கொடுக்கறதைக் கொடுங்க' என்றால் அங்கேயே உஷாராகிவிடுங்கள். கூலி பேசாத ஆளுக்கு வேறு யாரோ கூலி கொடுக்கிறார்கள்.

கமிஷன் இல்லாத இடத்துக்கு வண்டி போகாது

'தூரம்' என்று அக்காவிடம் சொன்ன கைலாசநாதர் கோயில், பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த மணற்கல் கோயில். சுற்று மதிலை ஒட்டி 58 சிறு சன்னதிகள். அவற்றில் சிலவற்றுக்குள் பல்லவர் காலத்து ஓவியத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது. ஜுவோ துப்ராய் என்ற பிரெஞ்சுக்காரர் 1931-இல் கண்டு சொல்லும் வரை அது உலகத்துக்குத் தெரியாது.

அங்கே ஒரு தூணில் கன்னடக் கல்வெட்டு ஒன்று உண்டு. காஞ்சியை வென்ற சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இந்தக் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதைக் கொள்ளையிடாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு அது. தஞ்சையில் பெரிய கோயில் கட்டிய ராஜராஜன் காலத்தில் இந்தக் கோயிலைக் 'கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி' என்று அழைத்தார்கள். எதிரி ராஜா தலைவணங்கிய இடத்தைத்தான் 'தூரம்' என்ற ஒரே சொல்லில் தள்ளிவிட்டுப் போகிறார்கள். காரணம், அங்கே கடை இல்லை!

இரண்டாம் நந்திவர்மன் கட்டிய வைகுந்தப் பெருமாள் கோயிலுக்கும் இதே கதிதான். அதன் திருச்சுற்றுச் சுவரில் பல்லவ வம்சத்தின் வரலாறே சிற்ப வரிசையாக ஓடுகிறது. ஒரு நாட்டின் சரித்திரத்தைக் கல்லில் படம் படமாகச் செதுக்கி வைத்த அந்தச் சுற்றுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். பத்து நிமிடம் கொடுக்கிற சுற்றுலாவில் ஏறாதீர்கள்.

புத்தர் பெயரில் நடக்கும் ஏமாற்று

எனக்குப் பெரிய கவலை இதுதான். இப்போது 'பௌத்த காஞ்சி' என்ற பெயருக்கு மவுசு வந்திருக்கிறது. '7ஆம் அறிவு' படம் 2011-இல் வந்த பிறகு, சீனாவுக்குப் போன பௌத்தத் துறவி போதிதர்மரைத் தேடி வருகிறவர்கள் உண்டு. கிழக்காசியாவிலிருந்து பக்தியோடு வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்குக் கண்ட மண்டபத்தைக் காட்டி 'இதுதான் அரண்மனை' என்று சொல்லிவிட முடிகிறது.

போதிதர்மர் பிறந்த வீடு என்று சான்றோடு காட்டக்கூடிய இடம் எதுவும் காஞ்சியில் இல்லை. பழைய சீனக் குறிப்புகளில் ஒன்று அவரைப் பாரசீகத்தார் என்கிறது, இன்னொன்று தென்னிந்திய அரசரின் மூன்றாம் மகன் என்கிறது. காஞ்சி இளவரசர் என்பது நாம் போற்றி வரும் மரபு. மரபை மரபு என்று சொல்லுங்கள், கும்பிடுகிறேன். மண்டபத்தைக் காட்டிக் காசு வாங்காதீர்கள்.

உண்மையான பௌத்த காஞ்சிக்குப் பொய் எதுவும் தேவையில்லை. மணிமேகலை அறவண அடிகளிடம் அறம் கேட்டுத் தெளிந்த ஊர் இது. பௌத்தத் தர்க்கத்தின் தந்தை எனப்படும் திக்நாகர் இந்த வட்டாரத்தில் பிறந்தவர் என்பது மரபு. மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' நாடகத்தில், இந்த ஊர்த் தெருவில் ஒரு காபாலிகனும் ஒரு புத்த பிக்குவும் சண்டை போடுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் வந்த சீனப் பயணி யுவான் சுவாங், இங்கே நூறு போல விகாரங்களும் பத்தாயிரம் பிக்குகளும் இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார்.

அந்த விகாரங்களில் இருந்த புத்தர்கள் எங்கே? 1915-இல் தொல்லியல் அறிஞர் து. அ. கோபிநாத ராவ் தேடிப் பார்த்து, காமாட்சி அம்மன் கோயிலிலும் அதைச் சுற்றியும் புத்தர் சிலைகள் இருப்பதை எழுதினார். காமாட்சி அம்மன் கோயிலில் இருந்த, ஏழடிக்கும் மேல் உயரமான நின்ற புத்தர், இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறார். கருக்கினில் அமர்ந்தவள் அம்மன் கோயிலில் புத்தர் உண்டு. சிவகாஞ்சி காவல் நிலையத்திலும் ஒரு புத்தர் இருக்கிறார். ஏகாம்பரநாதர் கோயில் வெளி மதிலில், கட்டுமானக் கற்களுக்கு நடுவே புத்தர் உருவங்கள் இருக்கின்றன. அக்காவின் வேன் அந்த மதில் பக்கம்தான் நின்றிருந்தது. கைடு கை நீட்டிக் காட்டவில்லை.

டிக்கெட் இல்லாத, உண்டியல் இல்லாத, கடை இல்லாத புத்தரால் யாருக்கும் வருமானம் இல்லை. அதனால் காட்டுவதில்லை. யாரும் பார்க்க வராத கல்லை யாரும் காப்பதில்லை. வண்டி நிறுத்தத் தோதான சுவராகவும், சுண்ணாம்பு அடிக்கத் தோதான கல்லாகவும் அது மாறிவிடும். அபாயம் என்று நான் அலறுவது இதைத்தான்.

புடவை எடுக்கும் முன் நான்கு விஷயம்

பட்டு எடுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் சோறு அது. கைடோடு போகாமல் தனியாகப் போய் எடுங்கள்.

ஒன்று: காஞ்சிபுரம் பட்டு 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. பட்டுதானா என்பதற்கு சில்க் மார்க், கைத்தறிதானா என்பதற்கு கைத்தறி முத்திரை. இரண்டும் வெவ்வேறு. சில்க் மார்க் இருப்பதாலேயே அது கைத்தறி ஆகிவிடாது. பெரும்பாலோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இரண்டு: கோர்வை என்று சொல்லி விற்றால் புடவையின் பின்பக்கத்தைப் பாருங்கள். கரையையும் உடலையும் தனித்தனி நாடா விட்டு, பக்கத்தில் ஒரு கையாள் உட்கார்ந்து கோத்து நெய்வது கோர்வை. அந்த இணைப்பு கைக்கு நிரடும்.

மூன்று: ஜரிகை. அசல் ஜரிகை, பட்டு நூல் மேல் வெள்ளி சுற்றித் தங்க முலாம் பூசியது. செம்பை வைத்துச் செய்யும் 'டெஸ்டட்' ஜரிகை மலிவு. மலிவு தப்பில்லை, அசல் விலைக்கு விற்பதுதான் தப்பு. என்ன ஜரிகை என்பதை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுதக் கை வராத கடையை விட்டு இறங்கிவிடுங்கள்.

நான்கு: ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சுற்றுலாவில் தொல்லை என்றால் 1363. சந்தேகம் இருக்கிறவர்கள் நெசவாளர் கூட்டுறவு சங்கக் கடைகளுக்கே நேராகப் போகலாம்.

இன்னும் இரண்டு ஆபத்து

'பூமியில கிடைச்ச பழைய புத்தர், ஐம்பொன்' என்று யாராவது காதோடு சொன்னால் ஓடிவிடுங்கள். அது போலியாக இருந்தால் பணம் போகும். அசலாக இருந்தால் வழக்கு வரும். நூறு ஆண்டு கடந்த சிலையைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப் போவதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

கைலாசநாதர் கோயிலில் 'தொட்டுப் பாருங்க, பரவாயில்ல' என்று கைடு சொன்னாலும் ஓவியத்தைத் தொடாதீர்கள், சுவரில் எழுதாதீர்கள். இந்தியத் தொல்லியல் துறை காக்கும் சின்னத்துக்குச் சேதம் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சிறை போவது நீங்கள், கைடு அல்ல.

சரி, எப்படிப் பார்ப்பது?

முதல் நாள் இரவே வந்து தங்குங்கள். முடியாவிட்டால் விடியற்காலை கிளம்புங்கள். காலையில் முதலில் கைலாசநாதர், வெயில் ஏறும் முன். அடுத்து வைகுந்தப் பெருமாள். பத்து மணிக்குக் காமாட்சி அம்மன், பதினோரு மணிக்கு ஏகாம்பரநாதர். 1509-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

நடை சாத்தியதும் கடைக்கு ஓடாதீர்கள். மதிலுக்கு நடை சாத்துவது கிடையாது! பன்னிரண்டு மணிக்கு வெளி மதிலைச் சுற்றி நடந்து புத்தரைத் தேடுங்கள். சாப்பாடு முடித்து, வேகவதி ஆற்றைத் தாண்டித் திருப்பருத்திக்குன்றம் போங்கள். அது சமணர்களின் ஜினகாஞ்சி. விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-இல் கட்டிய சங்கீத மண்டபம் அங்கே இருக்கிறது. மாலையில் சின்ன காஞ்சிபுரம் வரதராஜர். சைவம், வைணவம், சமணம், பௌத்தம் நான்கையும் ஒரே நாளில், யார் பின்னாலும் ஓடாமல் பார்த்துவிடலாம்.

கைடு வேண்டும் என்றால் வையுங்கள். ஆனால் வண்டியில் ஏற்றும் முன் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஏகாம்பரநாதர் கோயில் மதிலில் புத்தர் எந்தப் பக்கம் இருக்கிறார்?"

பதில் தெரிந்தவரோடு போங்கள். தெரியாதவர் உங்களைக் கடைக்குத்தான் கூட்டிப்போவார்.