ஜப்பான் கார் மாதிரிகளும் எடைக்குப் போட்ட அட்டைப் பெட்டிகளும்

சென்ற ஆண்டு ஆடித்தபசுக்கு முன்பு கிட்டங்கியைச் சுத்தம் செய்தபோது நான் செய்த ஒரு தவறைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

மேல்தட்டில் ஒரு சாக்கு நிறையச் சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகள் காலியாகக் கிடந்தன. மறுநாள் வற்றல் மூட்டை வருகிறது, இடம் வேண்டும். பழைய பேப்பர்காரர் வாசலில் நின்றார். எடைக்குப் போட்டுக் காசைக் கல்லாவில் போட்டுவிட்டேன். சாயந்திரம் வெளியூர் வசூல் முடித்து வந்த என் மகன் மேல்தட்டைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு சாப்பிடவும் வரவில்லை. "அதெல்லாம் அவன் கார்களோட பெட்டி. ஒரு வார்த்தை கேக்காமப் போட்டுட்டீங்களே" என்று அவன் அம்மாதான் வந்து சொன்னாள்.

என் மகன் ஜப்பான் நாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களின் சிறு மாதிரிகளைச் சேர்ப்பவன். பத்து வருடமாகச் சேர்க்கிறான். மாடியில் கண்ணாடி அலமாரி வைத்திருக்கிறான். முப்பது வயதைத் தாண்டியவனுக்கு என்ன பொம்மை என்றுதான் நான் நினைத்திருந்தேன். போதாதற்கு, துவரம் பருப்புக்குப் பணம் அனுப்ப வேண்டிய வாரத்தில் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு ஒரே ஒரு கார் வாங்கினான் என்று தெரிந்த நாள் முதல் எங்களுக்குள் கடைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை. கடைப் பணத்தில் அவன் கை வைக்கவில்லை, தன் சம்பளத்தில்தான் வாங்கினான். ஆனாலும் எனக்கு மனது ஆறவில்லை.

மறுநாள் விடிந்ததும் பழைய பேப்பர் கடைக்கு நானே போனேன். 31 பெட்டிகளில் 14 அகப்பட்டன. மற்றவை அமுக்கிக் கட்டி லாரி ஏறிவிட்டன. அந்தப் பதினான்கையும் கொண்டுவந்து மேசையில் வைத்தபோதுதான் மகன் வாய் திறந்தான். "எப்பா, கம்பெனி சீல் உடைச்ச எண்ணெய் டின்னை நீங்க முழு விலைக்கு வாங்குவீங்களா? உள்ள நல்ல எண்ணெய்தான். ஆனா வாங்குறவன் நம்பணும்லா?"

இது எனக்கு உடனே விளங்கிற்று. நாற்பது வருடம் மொத்த வியாபாரம் செய்தவனுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. அதன் பிறகு கடை அடைத்த நேரங்களில் அவனிடம் கேட்டுக் கேட்டு நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் அளவு. பெட்டியில் 1:64 என்று போட்டிருந்தால், அசல் காரின் நீளத்தை 64-ஆல் வகுத்த நீளம் என்று பொருள். 1999 முதல் 2002 வரை வந்த நிசான் ஸ்கைலைன் ஜி.டி.-ஆர் ஆர்-34 என்ற கார் 4.6 மீட்டர் நீளம். 1:64-இல் அது ஏழு சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கும். அதே கார் 1:18-இல் இருபத்தைந்து சென்டிமீட்டர். கதவு திறக்கும், முன்மூடியைத் தூக்கினால் என்ஜின் தெரியும். பதினெட்டாயிரம் ரூபாய்ச் சரக்கு இந்த ரகம்தான்.

ஜப்பானில் டோமி என்ற கம்பெனி 1970-இல் டோமிகா என்ற பெயரில் சிறு கார்களை வெளியிட்டது. முதலில் வந்த ஆறும் ஜப்பான் கார்களே. அவற்றில் டொயோட்டா 2000 ஜி.டி.யும் நிசான் ஃபேர்லேடி இசட்டும் உண்டு. டோமிகாவில் ஒரு விசேஷம்: எல்லாக் காருக்கும் ஒரே கணக்கான அளவு கிடையாது. பெட்டியின் அளவை ஏறக்குறைய ஒன்றாக வைத்துக்கொண்டு, அதற்குள் அடங்கும்படி வண்டியைச் சிறிதாக்குகிறார்கள். அலமாரியில் அடுக்கும் கடைக்காரரை நினைத்துச் செய்த வேலை என்றே எனக்குப் படுகிறது. இன்னொரு பெரிய பெயர் டமியா. அவர்கள் 1946-இல் ஷிசுவோகா ஊரில் மர வியாபாரமாகத் தொடங்கியவர்கள். மரத்தில் மாதிரிகள் செய்து, பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். வாங்குகிறவரே ஒட்டி, வர்ணம் பூசிச் செய்துகொள்ளும் ரகம் அது.

ஏன் ஜப்பான் கார் என்று கேட்டேன். 2000 ஜி.டி. 351 வண்டிகள்தான் செய்யப்பட்டன, யமஹாவோடு சேர்ந்து. 1991-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் முதன்முதலாக வென்ற ஜப்பான் வண்டி மாஸ்டா 787பி. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர், 2019 நவம்பரில் ஜப்பானின் ஃபுஜி களத்தில் ஜப்பான், ஜெர்மனி வண்டிகள் சேர்ந்து ஓடிய பந்தயம் ஒன்றில் ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். ஓட்டி ஜெயித்தார். "இந்த வண்டி எதையும் நம்ம ராஜபாளையம் ரோட்டுல பாக்க முடியாது. அலமாரியிலதான் பாக்க முடியும்" என்றான் மகன். மாருதி 800 வந்த 1983-இல் அதையே ஊர் கூடி வேடிக்கை பார்த்தவன் நான். மறுத்துப் பேச வாய் வரவில்லை.

இந்தச் சரக்குக்கும் வண்டு உண்டு. இவை பெரும்பாலும் துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்பவை. கலவையில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டால் வருடங்கள் கழித்து உலோகம் உப்பி, வெடித்து, மாவாக உதிர்கிறது. ஈரப்பதம் இருந்தால் சீக்கிரமே வரும். இதை 'ஜிங்க் பெஸ்ட்' என்கிறார்கள். பெயரில்தான் பூச்சி, உள்ளே புழுவும் இல்லை, வண்டும் இல்லை, மருந்தும் இல்லை. பயறு மூட்டைக்குப் பார்ப்பதுபோல ஈரம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நம் கடைக்காரர்களுக்கு வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். இப்போது பலசரக்குக் கடை, சூப்பர் மார்க்கெட் வாசலிலேயே இருநூறு ரூபாய்க்குள் ஹாட் வீல்ஸ் கார்கள் கொக்கியில் தொங்குகின்றன. மீசை வைத்த ஆள் வந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தால் விரட்டாதீர்கள். 1995 முதல் அந்தக் கம்பெனி 'டிரஷர் ஹண்ட்' என்று சில வண்டிகளைச் சொல்லாமல் கொள்ளாமல் கலந்து அனுப்புகிறது. அதைத் தேடுகிறார். கிடைக்காவிட்டாலும் வேறு இரண்டு வாங்கிப் போவார். பின்னட்டையின் மூலை மடங்கினால் அவர் தொடமாட்டார். ஆகவே கொக்கியில் நெருக்கித் திணிக்க வேண்டாம். 1980-களிலும் 90-களிலும் லியோ மேட்டல் என்ற பெயரில் நம் நாட்டிலேயே ஹாட் வீல்ஸ் தயாராயிற்று. அவற்றை வெளிநாட்டுக்காரர்கள் தேடுகிறார்கள். பழைய ஃபேன்சி கடைக்காரர்கள் பரணை ஒருமுறை பார்ப்பது நல்லது.

2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத மலிவுச் சரக்கை எடுத்தால் விற்ற கடைக்காரரும் பொறுப்பு. இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் ஏறியதால் வெளிநாட்டு வண்டிகள் விலை கூடிப்போயின. போலியும் கூடவே வந்தது. என் மகனே வெளியூர் விற்பனையாளர் ஒருவரிடம் முன்பணம் கட்டி ஏமாந்திருக்கிறான். வந்து சேர்ந்த காரில் அடித்தட்டு எழுத்து கலங்கியிருந்தது. பணம் போனது போனதுதான்.

விலை ஏறும் என்று நம்பி மொத்தமாக வாங்கி முடக்குவது மட்டும் வேண்டாம். பழைய அச்சு கம்பெனியிடம் பத்திரமாக இருக்கும். வேறு வர்ணத்தில் மறுபடி விட்டால் நேற்று ஐயாயிரம் சொன்னவர் இன்று இரண்டாயிரத்துக்கு இறங்கி வருவார். மிளகாயில் நான் பார்க்காத சரிவா!

மகன் இதற்கென்று தனிப் பேரேடு வைத்திருக்கிறான். வாங்கிய தேதி, விலை, யாரிடம், வண்டி நிலை, பெட்டி நிலை எல்லாம் எழுதியிருக்கிறான். என் இருப்புப் புத்தகம் அவ்வளவு சுத்தமாக இல்லை. பதினேழு கார்களுக்கு நேரே 'பெட்டி இல்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. சரக்குக்குப் பணம் அனுப்பும் வாரத்தில் கார் வாங்குவதில்லை என்று அவன் ஒப்புக்கொண்டான். கிட்டங்கி மேல்தட்டில் பாதியை நான் அவனுக்கு விட்டுவிட்டேன். வற்றல் மூட்டைக்குப் பின்கட்டில் சாய்ப்பு இறக்கியிருக்கிறோம்.