எஃப்.ஐ.ஆர். போட்டாச்சா?

காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு ஊர் திரும்புகிறவரிடம் டீக்கடையில் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான். "எஃப்.ஐ.ஆர். போட்டாங்களா, இல்ல சி.எஸ்.ஆர். குடுத்து அனுப்பிட்டாங்களா?" கேட்பவர் கொத்தனாராக இருக்கலாம், ஆடு மேய்ப்பவராக இருக்கலாம். அந்த இரண்டு காகிதங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு தலைமுறைக்குள் தமிழ்நாட்டில் நடந்த பெரிய மாற்றங்களில் ஒன்றாக இதை எண்ணுகிறேன்.

ஒரு தலைமுறைக்கு முன் களவு போனாலும் அடிதடி ஆனாலும் கிராமத்தில் முதலில் போவது மணியக்காரர் என்னும் கிராம முன்சீப் வீட்டுக்கு. 1980இல் பகுதிநேரக் கிராம அதிகாரிப் பதவிகள் ஒழிக்கப்படும் வரை, ஊரில் நடந்த குற்றத்தைக் காவல் நிலையத்துக்கு எழுதி அனுப்பும் பொறுப்பு கிராம முன்சீப்புக்கு இருந்தது. அவர் எழுதினால் விஷயம் ஊர் தாண்டும். குற்றம் செய்தவன் அவருக்கு வேண்டியவன் என்றால் சாவடியிலேயே பேசி முடிந்துவிடும். அவரைத் தாண்டி நேரே நிலையத்துக்குப் போகத் துணிந்தவர், ஒரு பெரிய மனிதரையோ வக்கீல் குமாஸ்தாவையோ கூட்டிக்கொண்டுதான் போவார். சேரியிலிருந்து வந்தவருக்கு அந்தத் துணையும் கிடையாது. வாசலில் பாரா நிற்பவரிடம் ஒரு தடவை, ரைட்டரிடம் ஒரு தடவை, எஸ்.ஐ. வந்த பிறகு இன்னொரு தடவை என்று நடந்ததை நின்றுகொண்டே சொல்ல வேண்டும். கடைசியில் கிடைக்கும் பதிலும் பழகிப்போன பதில்தான். "ஏம்மா, இதெல்லாம் வீட்டுக்குள்ள பேசித் தீர்த்துக்கிற விஷயம்." "பெரியவரே, இது எங்க எல்லையில வராது, ஆத்துக்கு அந்தாண்ட போங்க."

எழுத்திலிருந்த சட்டம் அப்போதும் புகார் சொல்பவர் பக்கம்தான் நின்றது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் தன் 154ஆவது பிரிவில் இதைத் தெளிவாகவே சொன்னது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் போதும். அதிகாரி எழுதிக்கொண்டு படித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். நகலைக் காசு வாங்காமல் கையில் கொடுக்க வேண்டும். எழுத மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் புகாரை அனுப்பலாம். இத்தனையும் இருந்தும், நகல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய ஏழைகள் மிகச் சிலரே.

ஏன் எழுத மறுத்தார்கள் என்பதை நின்று பார்க்க வேண்டும். சோம்பலும் லஞ்சமும் சாதியும் காரணம் என்று சொல்வது உண்மைதான், ஆனால் அதோடு முடிவதில்லை. எஃப்.ஐ.ஆர். என்னும் முதல் தகவல் அறிக்கை காவல் நிலையத்தின் கையை விட்டு வெளியே போகும் காகிதம். வரிசை எண் போட்ட புத்தகத்தில் கார்பன் வைத்து எழுதியதும், ஒரு பிரதி தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும். போன பிறகு அதைக் கிழிக்க முடியாது, தேதியை மாற்ற முடியாது. ஆளைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நீதிமன்றத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். மாதந்தோறும் நடக்கும் குற்ற ஆய்வுக் கூட்டத்தில் "உன் ஸ்டேஷனில் இத்தனை களவா?" என்று மேலதிகாரி கேட்பார். வழக்கின் எண்ணிக்கை கூடினால் குற்றம் கூடியதாக அர்த்தம். ஆகவே எழுதாமல் இருப்பதே நிலையத்துக்கு நல்ல பெயர். ஒரு நேர்மையான ஆய்வாளரையும் இந்தக் கணக்கு எழுதாதவராக மாற்றிவிடும்.

எழுதுவதற்கும் எழுதாமல் விடுவதற்கும் நடுவில் தமிழ்நாட்டு நிலையங்களில் வேரூன்றியதுதான் சி.எஸ்.ஆர். என்னும் சமூகப் பணிப் பதிவேடு. மனுவை வாங்கி, எண் போட்டு, ரசீது ஒன்று கிழித்துக் கொடுப்பார்கள். வெறுங்கையோடு திருப்பி அனுப்பிய காலத்தோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. புகார் கொடுத்ததற்குத் தேதியோடு ஒரு சாட்சி கிடைக்கிறது. ஆனால் இந்தக் காகிதம் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு, மனுவை முடித்துவிடலாம். வாய்க்கால் தகராறுக்கு இது போதும். அடிபட்டு மண்டை உடைந்தவருக்கும், வரதட்சணைக் கொடுமையில் தப்பி வந்த பெண்ணுக்கும் இதையே கொடுத்து அனுப்பியபோது, அந்த ரசீது நியாயத்தை மறித்து நின்றது.

திருப்பம் வந்தது 2013 நவம்பர் 12 அன்று. ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி கடத்தப்பட்ட புகாரில் உத்தரப் பிரதேசக் காவல்துறை அசையாமல் இருந்ததிலிருந்து கிளம்பிய லலிதா குமாரி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்னது. அமர்வின் தலைவர், ஈரோடு மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து போய்த் தலைமை நீதிபதியான பி. சதாசிவம். பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகாரில் தெரிந்தால், எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். புகார் நம்பத்தகுந்ததா என்று முன்கூட்டியே எடைபோடும் உரிமை நிலையத்துக்கு இல்லை. அது புலன்விசாரணையில் தெரிய வேண்டியது. குடும்பத் தகராறு, வணிகத் தகராறு, மருத்துவக் கவனக்குறைவு, ஊழல், காரணமில்லாமல் நெடுநாள் தாமதித்து வந்த புகார் போன்ற சிலவற்றில் மட்டும் முதல்கட்ட விசாரணை நடத்தலாம். விசாரித்துவிட்டு மூடினால், ஏன் மூடினோம் என்பதைப் புகார்தாரருக்கு ஒரு வாரத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். இந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான், "போட முடியாது" என்று வெளிப்படையாகச் சொல்ல அதிகாரிகள் தயங்கத் தொடங்கினார்கள்.

அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின், நீதிபதி வர்மா குழுவின் அறிக்கையை ஒட்டிச் சட்டம் திருத்தப்பட்டது. பாலியல் வன்கொடுமை, அமில வீச்சு போன்ற குற்றங்களில் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே சிறை என்று ஆனது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் எதிரான வன்கொடுமைகளில், எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன் முதல்கட்ட விசாரணை தேவையே இல்லை என்று 2018இல் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. சேரிக்காரர் தனியாகப் போய் நின்ற அந்த நாட்களை நினைத்தால், இந்த இரண்டு வரித் திருத்தத்தின் கனம் புரியும்.

பெண்கள் விஷயத்தில் தமிழ்நாடு முந்திக்கொண்டது. 1992இல் சென்னை ஆயிரம்விளக்கில் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. இன்று அத்தகைய நிலையங்கள் எல்லா மாவட்டங்களிலும் இருக்கின்றன. அங்கேயும் "சேர்ந்து வாழப் பாரும்மா" என்ற அறிவுரை முதலிலும் எஃப்.ஐ.ஆர். கடைசியிலும் வருகிறது என்ற மனக்குறை பெண்களிடம் இருக்கிறது. அது நியாயமான மனக்குறை. பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்தவரையும், 60 வயது கடந்தவரையும் சாட்சி விசாரணைக்கென்று நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது, அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மூதாட்டியை நாள் முழுக்க பெஞ்சில் உட்காரவைப்பதைப் பார்க்கும்போதெல்லாம், இந்த வரியை நிலையத்துச் சுவரில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றும்.

2016இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு கதவைத் திறந்தது. பாலியல் குற்றம் போன்ற மறைக்க வேண்டிய வழக்குகள் தவிர, மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்றது. நகலுக்காக ரைட்டர் மேசை முன் கை கட்டி நின்ற காலம் போய், கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் காலம் வந்தது. சான்றிதழோ ஆவணமோ தொலைந்துபோனால் அதற்கும் இணையத்திலேயே பதிவு செய்யலாம்.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பெயரே மாறிவிட்டது. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் பழைய 154ஆவது பிரிவு 173ஆவது பிரிவாகியிருக்கிறது. இதில் வரவேற்க நிறைய உண்டு. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதியலாம் என்பது நேரடியாகவே எழுதப்பட்டுவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்ப இனி சட்டத்தில் இடமில்லை. மின்னணு வழியிலும் தகவல் கொடுக்கலாம், மூன்று நாளுக்குள் வந்து கையெழுத்திட்டால் பதிவாகும். புலன்விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும்.

கவலைப்படவும் இருக்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை நடத்தலாம் என்று அதே 173ஆவது பிரிவு சொல்கிறது. சாதாரணத் திருட்டும், புதிதாகச் சேர்க்கப்பட்ட சங்கிலிப் பறிப்பும் இந்த வரம்புக்குள் வருகின்றன. 2013இல் ஐந்து நீதிபதிகள் அடைத்த வழியில் ஒரு பகுதி மறுபடி திறந்துவிட்டது. கழுத்துச் சங்கிலியைப் பறிகொடுத்தவருக்கு 14 நாள் என்பது நகை உருக்கப்பட்டுவிடும் காலம்.

இன்னொரு மாற்றம் யார் கண்ணிலும் படாமலே வந்திருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் எந்தத் திருட்டும், பத்து ரூபாய்த் திருட்டானாலும், காவல்துறை நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட வேண்டிய குற்றம். இன்று 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருள் களவு போனால், மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் காவல்துறை புலன்விசாரணை செய்ய முடியாத குற்றமாக அது வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளையின் பழைய சைக்கிள், கூலிக்காரரின் மலிவான கைப்பேசி, விதவை வளர்க்கும் நான்கு நாட்டுக்கோழிகள் எல்லாம் இந்தக் கோட்டுக்குக் கீழே விழுகின்றன. வசதியுள்ளவருக்கு 5,000 ரூபாய் சிறு தொகை. அந்தக் கோழிகளின் சொந்தக்காரிக்கு அதுதான் மாத வருமானத்தின் பெரும்பகுதி. அவர் புகாரை நிலையம் பதிவேட்டில் குறித்துக்கொண்டு அவரை மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்ல வேண்டும் என்பது விதி. நாட்குறிப்பில் அதை எழுதி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை அனுப்பவும் வேண்டும். எத்தனை பேர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அந்தப் படியேறுவார்கள்?

எஃப்.ஐ.ஆர். போட வேண்டிய குற்றத்தில் நிலையம் போடாவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றும் கடினமானதல்ல. புகாரின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். காவல் ஆணையர் உள்ள மாநகரமானால் அவருக்கு. அதுவும் பலிக்காவிட்டால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட் முன் மனு. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று பலர் இந்த இடத்தில் திரும்பிவிடுகிறார்கள். வட்ட நீதிமன்ற வளாகங்களில் சட்டப் பணிகள் குழுவின் அலுவலகம் இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானச் சான்று கேட்காமலே அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. நேரில் போக முடியாதவர் 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம்.